கணக்கு நோட்டின் பின்பக்கங்கள்

6 அக்டோபர் 2025, திங்கள்

முன்மேசைக் கணினி இன்று மூன்று தடவை உறைந்தது. மூன்றாவது தடவை, கார்த்திகை முகூர்த்தத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்த பெண்வீட்டுக்காரர் எதிரிலேயே. முந்தி வந்தவரின் வருமானச் சான்றிதழ் விண்ணப்பம் ஒரு பக்கம் திறந்திருந்தது, வாட்ஸ்அப் ஒரு பக்கம், பத்திரிகையின் பிடிஎஃப் ஒரு பக்கம். நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கேபினெட்டுக்குள் ஹார்ட் டிஸ்க், குப்பையைக் கோழி கிளறுகிற மாதிரி சத்தம் போட்டது. அவர் இரண்டாவது டீயையும் குடித்துவிட்டு, "பரவால்லம்மா, சாயங்காலம் வர்றேன்" என்று எழுந்தார். சாயங்காலம் வரவில்லை.

சர்வீஸ் தம்பியைக் கூப்பிட்டேன். வந்தவர் உட்காரக்கூட இல்லை. "ரேம் பத்தலைக்கா. பதினாறு போட்டுருங்க."

"இப்ப எவ்வளவு இருக்கு?"

"நாலு."

"அதுல ஓஎஸ்ஸுக்கு எவ்வளவு போகுது?"

"அது போகும்க்கா, ரெண்டு மூணு."

ரெண்டா, மூணா? வேட்டிக் கடையில் நாலு முழமா எட்டு முழமா என்று கேட்டால் அளந்து காட்டுவார்கள். நாலில் ஒரு பங்கு முன்னே பின்னே என்றால் எனக்கு அது சின்ன விஷயமில்லை. நானே அளந்து பார்க்கிறேன். இந்த நோட்டின் முன்பக்கம் கடைக் கணக்கு. இது பின்னாலிருந்து.

7 அக்டோபர், செவ்வாய்

காலையில் கணினியைப் போட்டுவிட்டு எதையும் தொடாமல் பத்து நிமிடம் விட்டேன். அதற்குள் வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டாயிற்று. பிறகு டாஸ்க் மேனேஜர், அதில் மெமரி. பயன்பாட்டில் 1.2 ஜிபி. கிடைக்கக்கூடியது 1.9 ஜிபி. கேஷ் என்று தனியாக 1.4.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சம் 32-பிட்டுக்கு 1 ஜிபி, 64-பிட்டுக்கு 2 ஜிபி. அதாவது என் கணினி சும்மா இருக்கும்போதே 32-பிட் கணக்கைத் தாண்டிவிட்டது. 1 ஜிபியில் விண்டோஸ் எழுந்து உட்காரும், அவ்வளவுதான். எழுந்தபின் நாம் வேலை செய்ய இடம் வேண்டுமே! கல்யாண மண்டபத்தில் சமையல்காரருக்கு அடுப்பு போட இடம் இருக்கிறது என்று சொல்லி வாடகை பேசுகிற மாதிரி இருக்கிறது அந்தக் குறைந்தபட்சம். பந்தி எங்கே போடுவது?

1.2, 1.9, 1.4 மூன்றையும் கூட்டினால் 4.5 வருகிறதே என்று கொஞ்ச நேரம் குழம்பினேன். கேஷ் தனி அல்லவாம். பெரும்பாலும் 'கிடைக்கக்கூடியது' என்பதற்குள்ளேயே அடக்கம். ஒருமுறை டிஸ்கிலிருந்து எடுத்ததை, திரும்பக் கேட்பார்கள் என்று விண்டோஸ் ரேமிலேயே விட்டுவைக்கிறது. நாம் அடிக்கடி திறப்பதைக் கவனித்து, கேட்பதற்கு முன்பே கொண்டுவந்தும் வைக்கிறது. வேறு நிரலுக்கு இடம் வேண்டும் என்றால் மறுகணம் காலி செய்துவிடும். காலியாகக் கிடக்கும் ரேம் பூட்டிக் கிடக்கும் வாடகை வீடு. யாராவது குடியிருந்தால்தான் லாபம். ஆகவே "மெமரி இவ்வளவு நிரம்பிவிட்டது" என்பதை வைத்து மட்டும் பயப்படக் கூடாது. 'கிடைக்கக்கூடியது' எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த 'மெமரி' என்ற சொல் வேறு பாடாய்ப் படுத்துகிறது. போனில் 128 ஜிபி மெமரி என்று வருகிறவர்கள் சொல்வது சேமிப்பகம். நான் இங்கே எழுதுவது நினைவகம். முதலாவது பீரோ, இரண்டாவது வேலைமேசை. இதைத் தினம் நாலு பேருக்குச் சொல்கிறேன். நாலு பேரும் தலையாட்டிவிட்டு "அப்ப மெமரி கார்டு போட்டா சரியாயிடுமா?" என்கிறார்கள்.

8 அக்டோபர், புதன்

கடை நேரத்தில் அளந்தேன். பிரவுசரில் ஏழு பக்கங்கள், வாட்ஸ்அப், வேர்டு, ஸ்கேனர். பயன்பாட்டில் 2.8. கிடைக்கக்கூடியது 300 எம்பிக்கும் கீழே. அதே நிமிடம் டிஸ்க் 100 சதவீதம் என்று சிவந்துபோய் நின்றது. கோழி கிளற ஆரம்பித்துவிட்டது.

மேசை நிறைந்துவிட்டால் விண்டோஸ் சும்மா இருப்பதில்லை. கொஞ்ச நேரமாகத் தொடாததைச் சுருக்கி மடித்து மேசையிலேயே ஓரமாக வைக்கும். அதுவும் போதாவிட்டால் டிஸ்கில் 'பேஜ் ஃபைல்' என்று வைத்திருக்கும் பரணில் தூக்கிப் போட்டுவிடும். பிறகு தேவைப்பட்டால் ஏறி எடுத்துவரும். எல்லாம் 4 கேபி, 4 கேபி துண்டுகள். இந்தப் பரண் யோசனை புதிதல்ல. 1962-இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியிலேயே இருந்தது. மேசை 16 ஆயிரம் சொற்கள், பரணாக ஒரு காந்த உருளை, அதில் 96 ஆயிரம் சொற்கள். துண்டுக்கு 512 சொல். நிரல் எழுதுகிறவருக்கு இரண்டும் ஒரே இடமாகத் தெரிந்தது.

தெரியலாம், ஆனால் நேரம் ஒன்றில்லையே. ரேமிலிருந்து ஒன்றை எடுக்கச் சுமார் 100 நானோ விநாடி. சுற்றுகிற ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுக்கச் சுமார் 10 மில்லி விநாடி. ஒரு லட்சம் மடங்கு. மேசையிலிருந்து கத்தரிக்கோலை எடுக்க ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், பரணிலிருந்து எடுக்க 27 மணி நேரத்துக்கு மேல். இந்தக் கணக்கைக் கால்குலேட்டரில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். பெண்வீட்டுக்காரர் எழுந்துபோனது நியாயம்தான்.

11 அக்டோபர், சனி

அண்ணன் மகன் காலேஜிலிருந்து வந்திருக்கிறான். போன செமஸ்டரில்தான் ஓஎஸ் பேப்பர் எழுதினான். என் நோட்டைப் புரட்டிவிட்டு, "அத்தை, நீங்க எங்க ஹெச்ஓடியை விடப் பரவால்ல" என்றான். காப்பிக்கு அடிபோடுகிறான்.

பையில் பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் வைத்திருந்தான். ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே ஏற்றினான். அவர்கள் சொல்லும் குறைந்தபட்சம் 2 ஜிபி, வசதியாக ஓட 4 ஜிபி. கறுப்புத் திரையில் 'ஃப்ரீ' என்று ஒரு கட்டளை கொடுத்தான். மொத்தம் 3.6. பயன்பாட்டில் 900 எம்பிக்குக் கொஞ்சம் மேல். அவன் கீழ்வரிசையைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குக் கண் முதல் எண்ணிலேயே நின்றுவிட்டது.

"டேய், மொத்தம் எவ்வளவு?"

"3.6, அத்தை."

டாஸ்க் மேனேஜர் மூலையில் செவ்வாய்க்கிழமை பார்த்து எழுதிவைத்திருந்தது: 4.0-இல் பயன்படக்கூடியது 3.16. அதே பெட்டி, அதே இரண்டு ரேம் கட்டைகள். ஓஎஸ் மாறியதும் அரை ஜிபிக்குக் கிட்ட எங்கிருந்து முளைத்தது?

அவன் திரும்ப விண்டோஸுக்குப் போய் 'அபௌட்' பக்கத்தைத் திறந்தான். பார்த்ததும் சிரித்தான். 32-பிட் ஓஎஸ், 64-பிட் பிராசஸர். பத்து மாட்டு வண்டிக்கு ரெண்டு மாடு பூட்டி ஓட்டியிருக்கிறேன், இத்தனை வருஷம்.

விஷயம் இதுதான். 32 பிட்டில் எழுதக்கூடிய முகவரிகள் 2-இன் 32-ஆம் அடுக்கு, 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. பைட்டுக்கு ஒரு கதவிலக்கம் என்றால் 4 ஜிபியோடு இலக்கம் தீர்ந்தது. அந்த இலக்கங்களிலேயே கிராஃபிக்ஸ், நெட்வொர்க் போன்ற சாதனங்களுக்கும் பங்கு ஒதுக்க வேண்டும். தெருவில் நாலாயிரம் வீடு கட்டிவிட்டு, எண்ணூறு இலக்கத்தைத் தபால்பெட்டிக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் கொடுத்தால் எண்ணூறு வீட்டுக்குக் கடிதம் போகாது. வீடு இருக்கும், விலாசம் இருக்காது. நம் மேசையில் வைக்கிற 32-பிட் விண்டோஸ் 10 எப்படியும் 4 ஜிபிக்கு மேல் பார்க்காது.

சர்வீஸ் தம்பி சொன்னபடி பதினாறு வாங்கிச் செருகியிருந்தால்? இதே 3.16.

யார் 32-பிட் போட்டது என்று கோபப்பட வாயெடுத்தேன். பிறகு ஞாபகம் வந்தது. நான்தான். பழைய ஸ்கேனருக்கு 32-பிட் டிரைவர் மட்டும்தான் கிடைத்தது. 64-பிட் விண்டோஸில் அது ஓடாது. "அதுக்கேத்த மாதிரியே போட்டுடுங்க" என்று சொன்னவள் நான்.

12 அக்டோபர், ஞாயிறு

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கடையை அரைக் கதவு திறந்து வைத்துக்கொண்டு, பையனிடம் கேட்டேன்: ரேம் கூடினால் பரண் ஏறுவது குறையும், சரிதானே?

"குறையும்னு சொல்ல முடியாது அத்தை" என்றான். எனக்கு எரிச்சல். பத்திரிகை மாதிரி அட்டைகளில் ஐந்தை எடுத்து 1 முதல் 5 வரை பென்சிலால் எண் போட்டான். மேசையில் மூன்று அட்டைக்குத்தான் இடம். நான் எண் கூப்பிட வேண்டும், அவன் எடுத்து வைப்பான். இடமில்லாவிட்டால் எது முதலில் வந்ததோ அது வெளியே போகும். கூப்பிட வேண்டிய வரிசை: 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5.

கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவை பரணுக்குப் போகும்போதும் நோட்டில் ஒரு கோடு. ஒன்பது கோடு.

"இப்ப நாலு அட்டைக்கு இடம் வச்சுக்கலாம்." அதே வரிசை. முதல் நாலும் வந்து உட்கார்ந்தன. 1, 2 கூப்பிட்டபோது இரண்டும் மேசையிலேயே இருந்தன. நான் கெலித்துவிட்டதாக நினைத்தேன். அப்புறம் 5 வந்தது, 1 வெளியே போனது. அடுத்து 1 கூப்பிட வேண்டும். அது வர 2 போனது. அடுத்து 2. கடைசிவரை நான் எதைக் கூப்பிட்டாலும் அப்போதுதான் அது வெளியே போயிருந்தது. பத்துக் கோடு.

இடம் கூடியது, ஏறி இறங்குவதும் கூடியது! 1969-இல் பெலாடியும் அவருடன் இருவரும் எழுதிக் காட்டியது. பரீட்சையில் கட்டாயம் வருமாம். அட்டையை வைத்து விளையாடினால் பத்து நிமிட வேலை. முதலில் வந்ததை முதலில் அனுப்பும் முறையின் குறை இது. எது நெடுநேரமாகத் தொடப்படவில்லையோ அதை அனுப்பினால் இந்தக் கோளாறு வராது. இன்றைய ஓஎஸ்கள் அதை ஒட்டித்தான் கணிக்கின்றன.

இதற்கு ஒரு வருஷம் முன்னால், 1968-இல், பீட்டர் டென்னிங் சொன்னதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு நிரலுக்கு மொத்தம் எவ்வளவு இடம் என்று பார்க்காதே. கடந்த சிறிது நேரத்தில் எந்தெந்தத் துண்டுகளைத் தொட்டது என்று பார். அதுதான் அதன் கைவேலை. எல்லா நிரல்களின் கைவேலையும் சேர்ந்து மேசைக்குள் அடங்கினால் நிம்மதி. அடங்காவிட்டால் கணினி வேலையை விட்டுவிட்டு ஏறி இறங்குவதையே வேலையாகச் செய்யும். திங்கட்கிழமை நடந்தது அதுதான். என் கேள்வியே கோணலாக இருந்திருக்கிறது. ஓஎஸ் தனியாக எவ்வளவு தின்கிறது என்று கேட்டேன். என் கடையின் கைவேலை பகல் பதினோரு மணிக்கு எவ்வளவு என்று கேட்டிருக்க வேண்டும்.

14 அக்டோபர், செவ்வாய்

விண்டோஸ் 10-க்கு ஆதரவு இன்றோடு முடிகிறது. பதிவு செய்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை வரும். விண்டோஸ் 11-க்கு ரேம் குறைந்தபட்சம் 4 ஜிபி. ரேமை வாங்கிவிடலாம். என் பிராசஸர் அவர்கள் பட்டியலில் இல்லை.

4 ஜிபி என்றதும் வேறொரு 4 நினைவுக்கு வந்தது. விண்டோஸ் 95 கேட்டது 4 எம்பி. 1995 ஆகஸ்டுக்கும் 2021 அக்டோபருக்கும் நடுவே சரியாக 1024 மடங்கு. நான் கணினி கற்றது 1997-இல், ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடியில். ஏசி அறை, வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். டாஸில் நிரல்களுக்கு 640 கேபி. பிராசஸர் எட்டக்கூடிய 1 எம்பியில் மிச்சம் 384 கேபியை ஐபிஎம் திரைக்கும் ராமுக்குமாக ஒதுக்கிவிட்டது. (ROM என்கிற ராம் வேறு, RAM என்கிற ரேம் வேறு. மாஸ்டர் இதற்கே ஒரு வகுப்பு எடுத்தார்.) 'மெம்' என்று தட்டினால் டாஸ் போக எவ்வளவு மிச்சம் என்று காட்டும். டாஸையே 1 எம்பிக்கு மேலே ஏற்றிவிட ஒரு வரி உண்டு. அதை எழுதி யார் அதிகம் மிச்சம் காட்டுகிறார்கள் என்று எங்களுக்குள் போட்டி.

அப்போது ஓஎஸ் சிக்கனமாக இருந்தது, இப்போது கொழுத்துவிட்டது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பையன் ஒரு கணக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். 1971 வாக்கில் பெல் ஆய்வகத்தில் யுனிக்ஸ் ஓடிய பிடிபி-11-இல் மொத்த நினைவகம் 24 கேபி. அதில் ஓஎஸ்ஸுக்கு 16, பயனருக்கு 8. மூன்றில் இரண்டு பங்கு! என் கணினியில் 3.16-இல் 1.2, பாதிகூட இல்லை.

கொழுத்தது உண்மைதான். ஆனால் எதனால்? அன்றைய 640-க்கு 480 திரை, 256 வண்ணம், ஒரு முழுத் திரைக்கு 300 கேபி. இன்றைய 1920-க்கு 1080 திரை, புள்ளிக்கு 4 பைட், ஒரு திரைக்கு ஏறக்குறைய 8 எம்பி. திரையில் தெரியும் படம் ஒன்றுக்கு மட்டும் விண்டோஸ் 95 கேட்டதைப்போல் இரண்டு மடங்கு. இப்போது ஒவ்வொரு ஜன்னலையும் தனித்தனிப் படமாக வைத்துக்கொண்டு ஒட்டுகிறார்கள். 64-பிட்டில் ஒவ்வொரு முகவரியும் 4 பைட்டுக்குப் பதில் 8. எழுத்தும்தான். 'தமிழ்' என்று நான் பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவில் அடித்தால் 5 பைட். யூனிகோடில் யுடிஎஃப்-8 ஆக எழுதினால் 15. ஆனாலும் எழுத்தால் எந்த ரேமும் நிறைந்ததில்லை. படத்தால்தான்.

16 அக்டோபர், வியாழன்

விடாத மழை. மூன்றரைக்குக் கரண்ட் போனது. யுபிஎஸ் இரண்டு தடவை கீச்சென்று விட்டு அதுவும் போனது. சேமிக்காத தீபாவளி நோட்டீஸ் ஒன்று அதோடு போயிற்று. ரேமுக்குள் ஒவ்வொரு பிட்டும் ஓட்டைப் பாத்திரத்தில் ஊற்றிய சொட்டு மின்சாரம். வழக்கமாக 64 மில்லி விநாடிக்குள் எல்லாவற்றையும் ஒருமுறை படித்துத் திரும்ப ஊற்ற வேண்டும். ஊற்றுகிற கை நின்றால் முடிந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். நோட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

17 அக்டோபர், வெள்ளி

பழைய ரேம் கட்டை ஒன்றைக் கழற்றிப் பத்திரிகைக் கவருக்குள் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். வாய்வார்த்தையாகச் சொன்னால் எதையாவது கொடுத்துவிடுவார்கள். கடையில் முதலில் நீட்டியது டிடிஆர்4. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் நடுவிலுள்ள வெட்டு ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. என்னுடையது டிடிஆர்3, 240 பின். செகண்ட் ஹேண்டில் 4 ஜிபி இரண்டு, சேர்த்து 900 ரூபாய். பதினாறு வேண்டாமா என்றார். பகல் பதினோரு மணிக்கு எனக்கு அவ்வளவு தேவையில்லை என்றேன். விழித்தார்.

மாட்டிப் போட்டதும் பீப், பீப், பீப். திரை இருட்டு. சர்வீஸ் தம்பி வந்து கட்டைகளை உருவி, சட்டைப் பையிலிருந்து ஸ்கூல் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பரை எடுத்து, தங்கநிறப் பின்களை ஒரே திசையில் தேய்த்தார். கறுப்புச் சுருளாகக் கொஞ்சம் உதிர்ந்தது. ஊதிவிட்டு, இரண்டு ஓரத்திலும் கட்டைவிரலால் அழுத்தினார். டக், டக். கணினி எழுந்தது. ரெண்டா மூணா என்று சொல்லத் தெரியாவிட்டாலும் கை சுத்தம். 32-பிட் கதையைச் சொன்னேன். "அடடா, நான் அதைப் பார்க்கலையேக்கா" என்று நெளிந்தார். அவரே ராத்திரி வரை உட்கார்ந்து 64-பிட் போட்டுக் கொடுத்தார். பழைய லைசென்ஸே ஏற்றுக்கொண்டது.

ஸ்கேனரை உள்ளறையில் இருக்கும் எக்ஸ்பி கணினிக்கு மாற்றியாயிற்று. அதில் 1 ஜிபி ரேம், இன்டர்நெட் கிடையாது, பேஜ்மேக்கர் மட்டும். எக்ஸ்பி கேட்பது 64 எம்பி. அது ஜமீன்தார் மாதிரி காலை நீட்டிப் படுத்திருக்கிறது. ஸ்கேன் செய்ததைப் பென்டிரைவில் முன்மேசைக்குச் சுமந்துவர வேண்டும். பரவாயில்லை, ஏழடி.

19 அக்டோபர், ஞாயிறு

நாளை தீபாவளி. இன்று மூச்சுவிட நேரமில்லை. பதினோரு மணிக்கு வந்தவர்களை நிறுத்தி வைத்துவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். அவர்கள் என்னமோ முக்கியமான வேலை என்று நினைத்திருப்பார்கள்.

பயன்பாட்டில் 4.6. கிடைக்கக்கூடியது 3 ஜிபிக்கு மேல். டிஸ்க் 2 சதவீதம், 5 சதவீதம். கோழிச் சத்தம் இல்லை.

காலையில் சும்மா இருந்தபோது அளந்தது: 2.3 ஜிபி. பன்னிரண்டு நாள் முன்பு இதே விண்டோஸ் 10, இதே கடையில் 1.2-இல் சும்மா இருந்தது. 64-பிட் என்பதால் பாதி, இடம் இருக்கிறதே என்று கையைக் காலை நீட்டியதில் பாதி என்றான் பையன் போனில். "அப்ப ஓஎஸ்ஸுக்கு எவ்வளவுன்னு எழுதப் போறீங்க, அத்தை?"

இரண்டையும் தேதியோடு எழுதிவிட்டேன்.

கழற்றிய 2 ஜிபி கட்டைகள் இரண்டும் ஸ்டேப்ளர் பின் டப்பாவில் கிடக்கின்றன. கார்த்திகை முகூர்த்தக்காரர் சாயங்காலம் வந்தார். வேறு இடத்தில் அடித்துவிட்டாராம். கையிலிருந்த பத்திரிகையை எனக்கு நீட்டி, "நீங்க அவசியம் வரணும்மா" என்றார். எழுத்துப்பிழை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இல்லை.